பழி ஓரிடம், பிழை ஓரிடம்

மும்பையின் ஃபோர்ட் பகுதியில், பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடியில் இருக்கிறது அந்த ஆடிட்டர் அலுவலகம். லிஃப்ட் உண்டு, ஓடும் நாட்கள் குறைவு. 2021 செப்டம்பர் 16, வியாழக்கிழமை. நகரம் கணபதி விழாவில் இருந்தது. அலுவலகத்தில் பாதிப் பேர் விடுமுறை. காலை 11 மணி வாக்கில் முதல் குரல் எழுந்தது: "அண்ணா, பிரின்ட் வரவில்லை."

மும்பையில் தெற்கிலிருந்து வந்த ஆண்கள் எல்லோருமே 'அண்ணா'தான். இந்த அண்ணாவுக்கு அப்போது வயது 61. ஆங்கிலத்திலும் தமிழிலும் டைப்ரைட்டிங் ஹையர், கூடவே ஷார்ட்ஹேண்ட் - இந்தச் சான்றிதழ்களோடு 1981-ல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு ரயிலேறியவர். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டிலும் பாலக்காட்டிலும் டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டை முடித்த இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் செய்த காரியம்தான் அது. தட்டச்சு இயந்திரம் போய் கம்ப்யூட்டர் வந்தது. டாஸ் போய் விண்டோஸ் வந்தது. முதலாளி போய் அவர் மகன் வந்தார். அண்ணா மட்டும் அதே மூலையில், அதே மர மேஜையில் இருந்தார். ஓய்வு வயது தாண்டியும் ஆண்டுக்கு ஒரு முறை நீட்டிப்பு. ஒவ்வொரு மார்ச் மாதமும் அது பற்றிய பேச்சு வரும்வரை அவருக்குச் சரியாகத் தூக்கம் வராது.

அவர் மேஜையில் இருந்தது விண்டோஸ் 10 ஓடும் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதன் பின்னால் இரண்டு பிரின்டர்கள். ஒன்று, கார்பன் வைத்து மூன்று பிரதி ரசீது அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ். இன்னொன்று லேசர். அலுவலகத்தின் முக்கிய வேலையெல்லாம் இந்த லேசரில்தான். அது யுஎஸ்பி கேபிள் மூலம் அண்ணாவின் கம்ப்யூட்டரோடு இணைக்கப்பட்டு, அங்கிருந்து மற்றவர்களுக்கு நெட்வொர்க்கில் 'பகிர்ந்து' விடப்பட்டிருந்தது. அண்ணா காலையில் வந்து தன் கம்ப்யூட்டரை இயக்கினால்தான் அலுவலகத்தில் மற்ற யாருக்கும் காகிதம் வரும். அவர் ஒரு நாள் லீவு போட்டால் முதல் நாளே யாரிடமாவது சொல்லி வைக்க வேண்டும்.

அன்று காலை அவர் கம்ப்யூட்டரிலிருந்து பிரின்ட் வந்தது. மற்ற எதிலிருந்தும் வரவில்லை. நான்கு விண்டோஸ் லேப்டாப்களில் '0எக்ஸ்0000011பி' என்று, மனிதனுக்கு எதுவும் சொல்லாத ஒரு பிழை எண். ஆடிட்டரின் ஆப்பிள் மேக்கில், அனுப்பிய பக்கங்கள் எல்லாம் வரிசையில் நின்றன; அனுமதிக்காகக் காத்திருப்பதாக ஒரு வரி. பயிற்சிக்கு வந்திருந்த மாணவர் தன் லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ் வைத்திருந்தார். அவர் அன்று முயற்சி செய்யவே இல்லை. முந்தைய மாதம் அவர் ஒரு முறை அனுப்பியபோது, நான்கு பக்க அறிக்கைக்குப் பதிலாக, புரியாத ஆங்கில வரிகள் நிரம்பிய காகிதம் வெளியே வந்துகொண்டே இருந்தது. கடைசியில் பிளக்கைப் பிடுங்க வேண்டியதாயிற்று.

மதியத்துக்குள் தீர்ப்பு தயார். "அண்ணாவின் பழைய டப்பாதான் காரணம்" என்றார் ஓர் இளம் ஆடிட்டர். தாராவியில் தோல் பை செய்யும் வாடிக்கையாளர் ஒருவருக்கு மறுநாள் காலை வங்கியில் கொடுக்க மூன்று பிரதி பேலன்ஸ் ஷீட் வேண்டும், கையெழுத்தும் முத்திரையும் வைத்து. கொரோனாவில் படுத்த தொழில் மீண்டும் எழுந்திருக்க அந்த ஓவர்டிராஃப்ட் அவசியம். ஆடிட்டர் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். "இந்த மெஷினுக்கு ரிடையர்மென்ட் கொடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது" என்றார். அதைச் சொல்லும்போது அவர் பார்வை மெஷின் மீது இல்லை என்பதை அண்ணா கவனித்தார்.

அன்றைய அவசரத்தை பென் டிரைவ் தீர்த்தது. இந்திய அலுவலகங்களில் எல்லா நெட்வொர்க்கும் தோற்றுப்போன பிறகு கைகொடுப்பது அதுதான். பேலன்ஸ் ஷீட்டை பிடிஎஃப் ஆக்கி, பென் டிரைவில் போட்டு, அண்ணாவின் கம்ப்யூட்டரில் செருகினார்கள். மாலை 6 மணிக்கு மூன்று பிரதியும் தயார். அடுத்து ஒவ்வொருவராக வந்து வரிசையில் நின்றார்கள். "அண்ணா, எனக்கு ரெண்டு பக்கம்." "அண்ணா, எனக்குக் கொஞ்சம் சீக்கிரம்." அத்தனை பேரும் அவர் மேஜையைச் சுற்றி நின்று பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

பிரின்டர் சிக்கல் எரிச்சலூட்டுவதற்குக் காரணம், கண்ணுக்குத் தெரிவது இரண்டு முனைகள் மட்டுமே என்பதுதான். இந்தப் பக்கம் பொத்தான், அந்தப் பக்கம் காகிதம். தட்டச்சு இயந்திரத்தில் விரலுக்கும் எழுத்துக்கும் நடுவில் ஓர் இரும்புக் கம்பி மட்டும் இருந்தது. சிக்கிக்கொண்டால் எது சிக்கியது என்று கண்ணாலேயே பார்க்கலாம். கம்ப்யூட்டரில் அப்படியில்லை. பொத்தானை அழுத்தியதும் பக்கம் 'டிரைவர்' என்னும் மொழிபெயர்ப்பாளரிடம் போகிறது. அவர் அதை பிரின்டருக்குத் தெரிந்த மொழியில் மாற்றுகிறார். பிறகு அது 'ஸ்பூலர்' என்னும் வரிசையில் நிற்கிறது. வரிசையிலிருந்து நெட்வொர்க் வழியே வேறொரு கம்ப்யூட்டரின் வாசலுக்குப் போகிறது. வாசலில் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறார்கள். உள்ளே போனால் இன்னொரு வரிசை. அதற்குப் பிறகுதான் கேபிள், பிரின்டர், காகிதம்.

இந்தச் சங்கிலியின் கண்ணிகளை வெவ்வேறு நிறுவனங்கள், வெவ்வேறு காலங்களில், ஒருவரையொருவர் கேட்காமல் செய்தன. 1984-ல் ஹெச்பி தன் லேசர்ஜெட் பிரின்டரோடு பிசிஎல் என்ற மொழியில் பேச ஆரம்பித்தது. அதே ஆண்டு அடோபி நிறுவனம் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற வேறொரு மொழியைக் கொண்டுவந்தது. 1985-ல் வந்த ஆப்பிளின் லேசர்ரைட்டர் அதைப் பேசியது. யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களுக்கு அச்சுப் பணியைக் கைமாற்ற ஒரு முறை. விண்டோஸுக்கு வேறொரு முறை. விண்டோஸின் பகிர்வு முறைக்கு எஸ்எம்பி என்று பெயர். ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் ஆண்ட்ரூ டிரிட்ஜல் என்ற இளைஞர், கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்டு, யூனிக்ஸும் அதே பேச்சைப் பேசும்படி ஒரு புரோகிராமை 1992-ல் வெளியிட்டார். அதற்குப் பின்னாளில் பெயர் வைக்க வேண்டி வந்தபோது, எஸ், எம், பி என்ற மூன்று எழுத்தும் அதே வரிசையில் வரும் சொல்லை அகராதியில் தேடினார். கிடைத்தது 'சாம்பா'. லினக்ஸ் கம்ப்யூட்டர்கள் விண்டோஸ் பிரின்டரில் அச்சடிக்க முடிந்தது இந்த ஒட்டுக்கேட்டலின் புண்ணியத்தால்தான்.

யாரும் கேட்காமல் மூடி வைத்த ஒரு கண்ணி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் பிரின்டர்தான் உதாரணம். 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வுக்கூடத்தில் இருந்த ஜெராக்ஸ் லேசர் பிரின்டர் அடிக்கடி மக்கர் செய்தது. காகிதம் சிக்கினால் அனுப்பியவருக்குத் தகவல் போகும்படி புரோகிராமைத் திருத்த நினைத்தார் அங்கே பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன். மூலப் புரோகிராமைத் தர மறுத்துவிட்டார்கள். மென்பொருள் எல்லோரும் பார்க்கவும் திருத்தவும் கூடியதாக இருக்க வேண்டும் என்று 1983-ல் அவர் தொடங்கிய இயக்கத்துக்கு, காகிதம் சிக்கிய அந்த பிரின்டரும் ஒரு காரணம் என்று அவரே பல முறை சொல்லியிருக்கிறார்.

அண்ணாவுக்கு அன்று இந்தச் சரித்திரம் எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்த சரித்திரம் ஒன்று உண்டு. அலுவலகத்தின் ஃபாக்ஸ்ப்ரோ பில்லிங் புரோகிராம் 'எல்பிடி1' என்ற வாசலைத் தவிர வேறெந்த வாசலுக்கும் காகிதம் அனுப்பத் தெரியாத டாஸ் காலத்துப் பிறவி. விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது, 'நெட் யூஸ் எல்பிடி1' என்று தொடங்கும் ஒரே வரிக் கட்டளையால் அந்தக் குருட்டுப் புரோகிராமின் கையைப் பிடித்து நெட்வொர்க் பிரின்டர்வரை கொண்டுபோய்விட்டவர் அவர்தான். அந்த வரியை அப்போது ஒரு டைரியில் எழுதி வைத்தார். அதை இன்று யாரும் கேட்பதில்லை.

இரவு 7.40 டோம்பிவிலி லோக்கலில் இடம் கிடைத்தது. ரயிலில் ஏறுவதற்கே அப்போது இரண்டு தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். வீட்டுக்குப் போனதும் பெங்களூரில் இருக்கும் மகளுக்கு போன் செய்தார். ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் அவள், வீட்டிலிருந்தபடியே வேலை செய்யும் காலம் அது.

"எல்லாம் என் மெஷினாலதாங்கறாங்க" என்றார்.

"அப்பா, நீங்க டோம்பிவிலி ஸ்டேஷன்ல நிக்கிறீங்க. சிஎஸ்டியில இருந்து வர்ற வண்டி வரல. வண்டியே கிளம்பலையா, நடுவுல நிக்குதான்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?"

"தாணே வந்துச்சான்னு கேட்பேன். வரலேன்னா குர்லா. அதுவும் இல்லேன்னா தாதர்."

"அவ்வளவுதான். பிரின்டருக்கும் அதேதான். யார் மேல தப்புன்னு முதல்ல கேக்காதீங்க. எதுவரைக்கும் வந்துச்சுன்னு கேளுங்க."

அன்றிரவு அவர் பழைய டைரியில் ஒரு புதிய பக்கத்தைத் திறந்து, மகள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். ஒன்று: பிரின்டரிலேயே இருக்கும் பொத்தானால் சோதனைப் பக்கம் எடு. வந்தால் பிரின்டர் குற்றவாளி இல்லை. இரண்டு: அது இணைந்திருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து எடு. வந்தால் கேபிளும் அதன் டிரைவரும் சரி. மூன்று: மற்ற கம்ப்யூட்டரிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டுப் பார், பதில் வந்தால் நெட்வொர்க் சரி. நான்கு: பாஸ்வேர்டு. ஐந்து: டிரைவர், அதாவது மொழி. ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்று. மாற்றியதை எழுதி வை.

வெள்ளிக்கிழமை காலை 8.30-க்கே அலுவலகத்தில் இருந்தார். முதல் மூன்று படிகளும் பத்து நிமிடத்தில் முடிந்தன. பிரின்டர் சரி. அவருடைய கம்ப்யூட்டர் சரி. கேபிள் சரி. நெட்வொர்க் சரி. பிழை அதற்குப் பிறகுதான். அதுவும் ஒரு பிழை இல்லை, மூன்று.

மேக்கில் நின்றது பாஸ்வேர்டு. முந்தைய மாதம் ஆடிட்டரே எல்லா பாஸ்வேர்டையும் மாற்றச் சொல்லியிருந்தார். அண்ணாவும் தன் கம்ப்யூட்டரில் மாற்றினார். மேக் பழைய பாஸ்வேர்டையே நினைவில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. ஆடிட்டர் அந்த மாதம் முழுவதும் தன் காகிதங்களை மற்றவர்களை விட்டு எடுக்கச் சொன்னதால் யாருக்கும் தெரியவில்லை.

உபுண்டுவின் சிக்கல் மொழி. மாணவர் தன் லேப்டாப்பில் பிரின்டரைச் சேர்த்தபோது, பட்டியலில் கண்ணில் பட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார். அந்த பிரின்டருக்கு போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரியாது. போஸ்ட்ஸ்கிரிப்டில் ஒரு பக்கம் என்பது படமல்ல, 'இங்கே கோடு போடு, இந்த எழுத்தை இங்கே வை' என்று சொல்லும் ஒரு புரோகிராம். மொழி புரியாத பிரின்டர், வந்த கட்டளைகளை நிறைவேற்றாமல் அப்படியே எழுத்தெழுத்தாக அச்சடித்துக் கொடுத்துவிட்டது. கல்யாணப் பத்திரிகையை அச்சகத்தில் கொடுக்கும்போது 'மேலே பிள்ளையார் படம் போடவும்' என்று எழுதிக் கொடுத்தால், அந்த வரியையே பத்திரிகையின் உச்சியில் அச்சடித்துத் தருவது மாதிரி.

விண்டோஸ் லேப்டாப்களின் பிழைதான் உண்மையில் புதியது. அதற்கு அண்ணாவோ அவர் கம்ப்யூட்டரின் வயதோ காரணமில்லை. 2021 விண்டோஸின் அச்சுப் பிரிவுக்கு நல்ல ஆண்டாக இல்லை. ஜூன் கடைசியில், ஸ்பூலரில் உள்ள ஓட்டை வழியே யாரும் கம்ப்யூட்டரைக் கைப்பற்றலாம் என்று காட்டும் புரோகிராம் ஒன்று வெளியே கசிந்தது. அதற்கு 'பிரின்ட்நைட்மேர்' என்று பெயர் வந்தது. ஸ்பூலர் எல்லா விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் உண்டு, அதற்குக் கம்ப்யூட்டரின் மிக உயர்ந்த அதிகாரமும் உண்டு. ஈரானின் அணு ஆலையைத் தாக்கிய, 2010-ல் அம்பலமான ஸ்டக்ஸ்நெட் புகுந்த வழிகளில் ஒன்றும் இந்த ஸ்பூலர்தான். ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் அனுப்பியது. ஆகஸ்டில், பிரின்டர் டிரைவரைச் சேர்க்க நிர்வாகி அனுமதி வேண்டும் என்றது. இது தவிர, பிரின்டரைப் பகிரும் கம்ப்யூட்டருக்கும் மற்ற கம்ப்யூட்டர்களுக்கும் நடக்கும் பேச்சைக் கூடுதல் பாதுகாப்போடு மட்டுமே நடத்த வேண்டும் என்ற விதி ஒன்றை ஜனவரியிலேயே தந்திருந்தது. செப்டம்பர் 14-ல் வந்த திருத்தம் அந்த விதியைக் கட்டாயமாக்கியது. அடுத்த நாளே உலகின் பல மூலைகளிலிருந்து ஒரே புகார்: பகிரப்பட்ட பிரின்டரைத் தொட்டால் '11பி' பிழை. ஃபோர்ட் அலுவலகத்தின் கம்ப்யூட்டர் புதன் இரவு அந்தத் திருத்தத்தைத் தானாகவே இறக்கிக்கொண்டிருந்தது.

அதாவது, அண்ணாவின் டப்பா பழசாக இருந்ததால் நிற்கவில்லை. தன்னைப் புதுப்பித்துக்கொண்டதால் நின்றது.

இதற்கு ஒரு குறுக்கு வழி அப்போது ஊரெல்லாம் பரவியிருந்தது. விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் ஓர் எண்ணை பூஜ்யமாக்கினால் புதிய விதி செயலிழக்கும், பிரின்ட் வந்துவிடும். ஐந்து நிமிட வேலை. மகளிடம் கேட்டார்.

"கதவு ஒட்டுதுன்னு பூட்டைக் கழட்டற மாதிரி, அப்பா. உங்க ஆபீஸ்ல இருக்கறது ஊரார் வரவு செலவு. வேண்டாம்."

பிறகு அவள், போனை வீடியோவுக்கு மாற்றி பிரின்டரின் பின்பக்கத்தைக் காட்டச் சொன்னாள். அண்ணா அதைத் திருப்பினார். ஐந்து ஆண்டுத் தூசி. யுஎஸ்பி கேபிளுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் மூடி போட்ட ஒரு சதுர ஓட்டை.

"அது என்ன?"

"டெலிபோன் வயர் போடறது. ஃபேக்ஸுக்குன்னு நெனச்சோம்."

"அப்பா, அது டெலிபோன் இல்ல. லேன்."

ஐந்து ஆண்டுகளுக்கு முன் கடைக்காரர் கொண்டுவந்து வைத்த அன்றே, அந்த பிரின்டர் யாருடைய கம்ப்யூட்டரையும் நம்பாமல் நேராக நெட்வொர்க்கில் நின்றிருக்கலாம். யாரும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. யுஎஸ்பி கேபிள் பெட்டிக்குள் இருந்தது. அதனால் அதைச் செருகினார்கள். நம் அலுவலகங்களில் பல ஏற்பாடுகளுக்கு இதைவிடப் பெரிய காரணம் இருப்பதில்லை.

அங்கேதான் அண்ணா கொஞ்சம் தயங்கினார். அவர் முட்டாள் இல்லை. அந்த ஓட்டையில் கேபிளைச் செருகினால் என்ன ஆகும் என்பது அவருக்கு உடனே புரிந்தது. காலையில் அவர் வந்து கம்ப்யூட்டரை இயக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. "அண்ணா, மெஷினை ஆன் பண்ணுங்க" என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. நேற்று மாலை மேஜையைச் சுற்றி நின்ற கூட்டம் இனி ஒருபோதும் நிற்காது. அடுத்த மார்ச்சில் நீட்டிப்பு பற்றிப் பேசும்போது, 'அவர் இல்லாவிட்டால் பிரின்ட் வராது' என்ற ஒரு சின்ன நியாயம், யாரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், இருந்தது. அதுவும் போய்விடும். மாறாக, பென் டிரைவ் ஏற்பாடு இன்னும் ஒரு மாதம் ஓடினாலும் யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது, பிழை மைக்ரோசாஃப்டினுடையது. ஆனால் வாடிக்கையாளர்களின் கணக்கு பென் டிரைவில் ஏறி, யார் யார் சட்டைப் பையிலோ சர்ச்கேட்டுக்கும் கல்யாணுக்கும் போய் வரும்.

கூடுதலாக லேன் கேபிள் ஒன்றும் இல்லை. லேமிங்டன் ரோடு கடைகள் திறக்க இன்னும் நேரம் இருந்தது. அண்ணா குனிந்து, தன் கம்ப்யூட்டரிலிருந்த கேபிளைப் பிடுங்கி பிரின்டரில் செருகினார். ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு மினுங்கியது.

அதற்குப் பிறகு நடந்தது அவருக்கே வியப்பாக இருந்தது. ஆடிட்டர் வந்து மேக்கைத் திறந்தபோது, பிரின்டர் பட்டியலில் அது தானாகவே நின்றது. உபுண்டுவிலும் அப்படியே. எந்த டிரைவரும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கவில்லை. இதற்கும் ஒரு கதை உண்டு. எல்லா பிரின்டரும் ஒரே வகையில் பேச ஐபிபி என்ற பொது விதிமுறை 1999-ல் எழுதப்பட்டது. அதே ஆண்டு மைக்கேல் ஸ்வீட் என்ற அமெரிக்கப் புரோகிராமர், யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களுக்காக அந்த விதிமுறையை மையமாக வைத்து 'கப்ஸ்' என்ற மென்பொருளை வெளியிட்டார். 2002-ல் ஆப்பிள் அதைத் தன் கம்ப்யூட்டர்களில் சேர்த்துக்கொண்டது. 2007-ல் விலைக்கே வாங்கியது. ஆக, மேக்கும் லினக்ஸும் அச்சு விஷயத்தில் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். 2010-ல் ஆப்பிள், ஐபோனிலிருந்து டிரைவர் இல்லாமலே அச்சடிக்க 'ஏர்பிரின்ட்' கொண்டுவந்தது. ஐபோனுக்காக பிரின்டர்கள் கற்றுக்கொண்ட மொழியை, காசு கேட்காத லினக்ஸும் பேசத் தொடங்கியது. போன் வைத்திருப்பவர்களுக்காக வந்த வசதி, ஒரு பயிற்சி மாணவரின் பழைய லேப்டாப்பைக் காப்பாற்றியது.

விண்டோஸ்தான் நேரம் எடுத்தது. நான்கு லேப்டாப்களிலும் பழைய பகிர்வை நீக்கி, பிரின்டரின் நெட்வொர்க் முகவரியைக் கொடுத்து, நிர்வாகி பாஸ்வேர்டு வாங்கி, டிரைவரை ஏற்ற மதியம் ஆயிற்று. குறை சொன்ன இளம் ஆடிட்டரின் லேப்டாப்பைக் கடைசியாகச் செய்தார். அதில் பழி வாங்கும் எண்ணம் எதுவும் இல்லை என்கிறார். இருந்திருந்தாலும் தப்பில்லை.

திங்கட்கிழமை மறுபடி அதே குரல்: "அண்ணா, வரவில்லை." எல்லா விண்டோஸ் லேப்டாப்பிலும் பிரின்டர் 'ஆஃப்லைன்'. மேக்கில் மட்டும் வருகிறது. ஆடிட்டர் அறைக் கதவு திறந்தது. இந்த முறை அண்ணா டைரியை எடுத்தார். பிரின்டரில் சோதனைப் பக்கம்: வந்தது. அந்தப் பக்கத்திலேயே பிரின்டரின் நெட்வொர்க் முகவரியும் அச்சாகியிருந்தது. வெள்ளிக்கிழமை எழுதி வைத்ததோடு ஒப்பிட்டார். கடைசி எண் வேறு.

விடுமுறைக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போயிருந்தார்கள். திரும்ப இயக்கியபோது, முகவரிகளை வழங்கும் ரூட்டர் பிரின்டருக்கு வேறு எண்ணைக் கொடுத்துவிட்டது. விண்டோஸ் பழைய வீட்டு எண்ணைத் தேடிப் போய், ஆள் இல்லை என்று திரும்பியது. மேக், வீட்டு எண்ணை விட்டுவிட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதால் தப்பித்தது. இந்த பிரின்டருக்கு என்றும் இதே எண் என்று ரூட்டரில் பதிவு செய்ததும் பிரச்னை தீர்ந்தது. மொத்தம் இருபது நிமிடம். வியாழக்கிழமை ஒரு நாள் முழுவதும் ஆளைக் குற்றம் சொல்லியே கழிந்தது என்பதை அங்கே யாரும் சொல்லவில்லை. ஆனால் ஆடிட்டர், "அண்ணா, அந்த டைரியைக் கொஞ்சம் காட்டுங்கள்" என்றார்.

அந்தப் பக்கத்தின் நகல் இப்போது பிரின்டருக்கு மேலே சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. மேலே பிரின்டரின் முகவரி. கீழே ஐந்து படிகள். கடைசியில், அண்ணாவின் டைப்பிங் காலத்து அழகான ஆங்கிலக் கையெழுத்தில் ஆறாவதாக ஒரு வரி: 'நேற்று என்ன மாறியது என்று கேள்.'

அது மதிப்புள்ள வரி. பிரின்டர்கள் தானாக மாறுவதில்லை; அவற்றைச் சுற்றி ஏதாவது மாறுகிறது. இன்னும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. பிரின்டர் கம்பெனிகள் தனித்தனியாகத் தரும் டிரைவர்களைப் படிப்படியாகக் கைவிடப் போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அறிவித்தது. அதுவும் கடைசியில் அந்தப் பொது மொழியின் பக்கமே வந்து சேர்கிறது. பாதுகாப்பானது என்று நினைத்த கப்ஸ் குடும்பத்திலேயே 2024 செப்டம்பரில் ஓட்டைகள் வெளிப்பட்டன. விண்டோஸ் 10-க்கு இலவசமாக வந்துகொண்டிருந்த வழக்கமான திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தன. இதற்கு நடுவே நம் நாட்டு அரசு அலுவலகங்களிலும் ஒரே வகைக் கம்ப்யூட்டர் என்ற காலம் போய்விட்டது. சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் ஒரு பக்கம், கேரளப் பள்ளிகளின் லினக்ஸ் ஒரு பக்கம், 2023-ல் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்த உபுண்டு வழி வந்த 'மாயா' ஒரு பக்கம். இவை எல்லாம் கடைசியில் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் ஒரு பிரின்டரிடம்தான் வந்து நிற்க வேண்டும். அங்கே யாரோ ஒரு பழைய குமாஸ்தா மீது பழி விழும்.

2022 மார்ச்சில் அண்ணாவுக்கு நீட்டிப்பு கிடைத்தது, அடுத்த ஆண்டும். பிரின்டரால்தானா என்று கேட்டால் சிரிக்கிறார். 2024 மார்ச்சில் அவரே போதும் என்று நிறுத்திக்கொண்டார். விடைபெறும் நாளில் ஒரு சால்வையும் கைக்கடிகாரமும் கொடுத்தார்கள். பழைய கம்ப்யூட்டர் அவருக்குப் பிறகும் ஒன்றரை ஆண்டு, டாட் மேட்ரிக்ஸுக்குத் துணையாக, அந்த மூலையில் ஓடியது. அவரை முந்திக்கொண்டு அது ரிடையர் ஆகவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் திருப்தி.

இப்போதும் எப்போதாவது டோம்பிவிலி வீட்டில் போன் அடிக்கும். பெரும்பாலும் அந்த இளம் ஆடிட்டர்தான். இப்போது அவருக்குக் கீழே நான்கு பேர். "அண்ணா, புதிதாக வந்த பெண் என்னமோ செய்துவிட்டாள். பிரின்ட் வரவில்லை."

அண்ணா காபி டம்ளரைக் கீழே வைக்கிறார். "அந்தப் பெண்ணை விடுங்கள்" என்கிறார். "முதலில் பிரின்டரிலேயே ஒரு டெஸ்ட் பேஜ் எடுத்தீர்களா?"